சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய இரண்டு கற்றாழை ஜெல்கள்

முதல் ஜெல் 12 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). டப்பா முன்னால் பச்சை மடல், 'முழுக்க இயற்கை' என்று பெரிய எழுத்து. தடவும்போது குளுகுளுவென்றுதான் இருந்தது, ஆனால் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இறங்கி எம்ஆர்டி ரயிலுக்கு நடப்பதற்குள் வியர்வை பட்டு அப்படியே நீராகிக் கழுத்தில் வழிந்தது. வீட்டுக்கு வந்து பின்பக்கம் படித்தால் தண்ணீர், கிளிசரின், கார்போமர், அதற்கும் பிறகுதான் கற்றாழைச் சாறு! பட்டியலில் அதிகம் இருப்பதுதான் முதலில் வரும். கார்போமர் பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கைப் பாலிமர். அரை சதவீதம் போட்டாலே நன்றாகக் கெட்டியாகிவிடும், அப்படியென்றால் அதற்குப் பின்னால் நிற்கும் கற்றாழை எவ்வளவு இருக்கும்? கார்போமரால் தோலுக்குக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. இயற்கை என்று சொல்லி விற்றதுதான் எனக்குக் கோபம்.

செடியிலிருந்து வழித்த கற்றாழைச் சோறு கொஞ்ச நேரத்திலேயே நீர்த்துவிடும், அதனால் டப்பாவில் வருகிற எந்த ஜெல்லுக்கும் கெட்டியாக்க ஏதாவது வேண்டும், அது எது என்பதைத்தான் பார்க்கணும்.

இரண்டாவது ஜெல் 18 வெள்ளி. இதில் கற்றாழைச் சாறுதான் முதலில், கெட்டியாக்க சாந்தன் கம், குவார் கம் என்ற பிசின்கள். சாந்தன், சர்க்கரையை ஒரு பாக்டீரியா புளிக்கவைத்து உண்டாக்குவது. குவார் நம்ம கொத்தவரை விதையிலிருந்து வருவது. இரண்டு ஜெல்லையும் தட்டில் ஒவ்வொரு கரண்டி வைத்து ஒரு சிட்டிகை உப்பு தூவிக் கலக்கினேன். கார்போமர் ஜெல் கண் முன்னாலேயே உடைந்து தண்ணீராக ஓடியது, மற்றது அசையவே இல்லை. வியர்வையிலும் உப்புதானே, இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு இது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. விரலில் எடுத்தால் வெண்டைக்காய் மாதிரி நூல் இழுக்கும், முதல் நாள் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அதிகம் தடவி மேலே சன்ஸ்கிரீன் போட்டால் ரப்பர் தூள் போலத் திரண்டு உதிர்கிறது, பட்டாணி அளவு போதும், காய்ந்த பிறகுதான் அடுத்தது. இதிலும் பதனப்பொருள் இருக்கிறது, அது இருக்கத்தான் வேண்டும், இந்தப் பிசின்கள் கிருமிக்கும் சாப்பாடுதான்.

சுருட்டை முடிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஈரத் தலையில் தடவி விட்டால் சாயங்காலம் வரை சுருள் கலையவில்லை, மொடமொடப்பும் இல்லை. முகத்துக்கு இரவில் மட்டும் போடுகிறேன். இதிலேயே இன்னொரு டப்பா வாங்கியாச்சு.