வியர்வை நோயின் தடத்தில் இரண்டு மணி நேரம்: ஒரு லண்டன் நடைப்பயணம்

டியூடர் அரச வம்சக் காலத்தில் இங்கிலாந்தைத் தாக்கிய, கடுமையாக வியர்க்கவைத்து விரைவில் உயிர் பறித்த வியர்வை நோயை மட்டுமே பேசுபொருளாகக் கொண்டு, லண்டனின் பழைய நகர்ப்பகுதியில் வழிகாட்டியுடன் நடத்தப்படும் நடைப்பயணம் ஒன்றுக்கு 22 பவுண்டு கட்டணம் செலுத்திச் சென்றுவந்தேன். கொள்ளைநோய் என்றாலே 1665ஆம் ஆண்டின் பிளேக்கைக் காட்டிக் காசு பார்க்கும் ஊரில், 1485க்கும் 1551க்கும் இடையே ஐந்து முறை வந்துவிட்டுச் சுவடின்றி மறைந்த நோயைப் பற்றி ஒருவர் இரண்டு மணி நேரம் பேச முன்வந்ததே பாராட்டுக்குரியது.

பயணம் லண்டனின் பழைய நகர மன்றமான கில்டுஹாலின் முற்றத்தில் தொடங்குகிறது. 1485இல் பாஸ்வொர்த் போரில் வென்று முதல் டியூடர் மன்னரான ஏழாம் ஹென்றி தலைநகருக்குள் நுழைந்த சில வாரங்களில் நோய் பரவியதையும், மேயர் தாமஸ் ஹில் இறந்தபின் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் ஸ்டாக்கரும் சில நாட்களிலேயே இறந்ததையும் வழிகாட்டி குரலை உயர்த்தாமல் சொன்னார். அந்த வாசலில் நின்று கேட்கையில் அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் 1528ஆம் ஆண்டுக்கு வந்ததும் நிதானம் கலைந்துவிட்டது. பின்னாளில் எட்டாம் ஹென்றி மன்னரின் மனைவியான ஆன் போலின், ஹீவர் கோட்டையில் நோயில் படுத்துப் பிழைத்தெழுந்ததும், அவருடைய அக்கா கணவர் வில்லியம் கேரி அதே கோடையில் இறந்ததும் முக்கியமானவைதான் என்றாலும், அரண்மனைக் காதல் கதைக்கு அரைமணி நேரம் அதிகம். போக்குவரத்து இரைச்சலில் காதொலிக் கருவி இருமுறை அறுந்துபோனதால் அதிலும் பாதியே காதில் விழுந்தது.

புனித பார்த்தலோமியூ மருத்துவமனையருகே பயணம் மீண்டும் உயிர்பெறுகிறது. மருத்துவர் ஜான் கீஸ் பல ஆண்டுகள் வாழ்ந்தது அந்த வளாகத்துக்குள்தான். 1551இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் தொடங்கிய கடைசி அலைக்குப் பின், அடுத்த ஆண்டு அவர் இந்நோயைப் பற்றி, கற்றவர்களின் லத்தீனில் அல்லாமல் சாதாரண மக்கள் படிக்கும் ஆங்கிலத்திலேயே ஒரு நூல் வெளியிட்டார். நோயாளி ஒரு முழுநாள் போர்வைக்குள் கிடக்க வேண்டும், தூங்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது என்பது அக்காலச் சிகிச்சை முறை. இதை விளக்கிய வழிகாட்டி, பையிலிருந்து முரட்டுக் கம்பளி ஒன்றை எடுத்து விருப்பமுள்ளவர்களின் தோளில் போர்த்தினார். ஜூலை வெயிலில் ஐந்து நிமிடத்துக்குள் என் பிடரி நனைந்து, ஆட்டுரோம வாடை மூக்கிலேறி, எப்போது கழற்றலாம் என்றாகிவிட்டது. கட்டணத்தில் பாதி அந்த ஐந்து நிமிடத்துக்கே தகும்.

முடிவில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. நோய்க்குக் காரணம் எலிகள் வழியே பரவும் ஹாண்டா வைரஸ்தான் என்று அவர் தீர்ப்பே எழுதிவிட்டார். 1997இல் மருத்துவர்கள் சிலர் முன்வைத்த அக்கருதுகோள் ஆராயத்தக்கதே. மூச்சுத்திணறலும் விரைவான மரணமும் அதற்குப் பொருந்துகின்றன. ஆயினும் அவ்வகை வைரஸ்கள் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது என்றிருக்க, இந்நோய் 1529இல் ஹாம்பர்க் நகருக்குள் புகுந்து, அங்கிருந்து ஜெர்மானிய நகரங்களை அத்தனை வேகத்தில் சுற்றிவந்தது எப்படி என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றவர், நேரமாகிவிட்டது என்று சொல்லிக் காதொலிக் கருவிகளைத் திரும்ப வாங்கத் தொடங்கினார்.