நிட்மிலுக்: சுற்றுலாப் படகா, துடுப்புப் படகா?

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில், கேத்தரின் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் நிட்மிலுக் தேசியப் பூங்கா. ஜாவோயின் என்ற பூர்வகுடி மக்களின் மண். 1989-இல் அவர்களிடமே திரும்பி வந்தது. கேத்தரின் ஆறு மணற்கல்லை அறுத்துக்கொண்டு போகிறது. மழையில்லாத மாதங்களில் நீர் வற்றினால் நடுவே பாறைகள் தலைகாட்டி, ஒரே பள்ளத்தாக்கு 13 துண்டாகிவிடும்.

சுற்றுலாப் படகில் ஏறினால் வேலை ஒன்றுமில்லை. நிழலில் உட்கார்ந்து கதை கேட்கலாம். முதல் துண்டு முடிந்ததும் இறங்கி, பாறைமேல் நடந்து, அந்தப் பக்கம் காத்திருக்கும் இன்னொரு படகில் ஏற வேண்டும். அந்த நடையில்தான் பழைய பாறை ஓவியங்கள் கண்ணில் படும். அப்பா அம்மாவோடு போகிறீர்களா? யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

துடுப்புப் படகு வேறு ரகம். அதே பாறைகளில் படகை நீங்களே தூக்கவோ இழுக்கவோ வேண்டும். அடிப்பக்கம் கரகரவென்று உரசும், தோள் கழன்றுவிடும். ஆனால் துடுப்பை நிறுத்திவிட்டால் போதும், செந்நிறச் சுவர்களுக்கு நடுவே சொட்டுத் தண்ணீர் விழுவது கூடக் கேட்கும். எனக்கு இதுதான் பிடிக்கும். மணல் திட்டுகளில் நன்னீர் முதலைகள் முட்டையிடும். தடை போட்டிருந்தால் கால் வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வெள்ளத்தோடு உவர்நீர் முதலைகளும் வந்துவிடும், துடுப்புப் படகு கிடைக்காது. மே முதல் செப்டம்பருக்குள் போய்விடுங்கள்.