தேனீப் பெட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: "ராணி உண்டு" என்றால் முட்டையைக் காட்டச் சொல்லுங்கள்

ரப்பர் தளிர் விடும் பருவத்தை நம்பிப் பெட்டி வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஜனவரி 6 இரவு இந்தியத் தேனீப் பெட்டி 12 இறங்கியது. பெட்டியோடு சேர்த்து ஒன்றுக்கு 2,000 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. வாங்கியவர் தொழிலுக்குப் புதியவர். விற்றவர் சொல்லிவிட்டுப் போனது இது: "எல்லாம் புது ராணியாக்கும். இப்பம் தொறக்காண்டாம், ஈ கலைஞ்சிரும். மூணு ஆழ்ச்ச (வாரம்) கழிஞ்சு பாருங்க." எல்லாப் பெட்டி வாயிலிலும் குயின் கேட் என்கிற ராணித் தடுப்பு மாட்டியிருந்தது. அதைக் கழற்றக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 26-ல் எல்லாவற்றையும் திறந்தோம். ஐந்து பெட்டி நன்றாக இருந்தது. மற்ற ஏழில் மெழுகால் மூடிய புழு அறை ஒன்றுகூட இல்லை. ஐந்தில் முட்டையும் இல்லை. இரண்டில் முட்டை இருந்தது, ஆனால் ஒரே அறையில் மூன்று நான்கு, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு.

இதில் வாதத்துக்கே இடமில்லை. இந்தியத் தேனீயில் வேலைக்கார ஈ முட்டையிலிருந்து வெளியே வர 19, 20 நாள் ஆகும். முட்டையாக 3 நாள், திறந்த புழுவாக ஏறத்தாழ 5 நாள், மீதி மூடிய அறைக்குள். வந்து இறங்கிய பிறகு ராணி ஒரு வாரம் முட்டையிட்டிருந்தால்கூட 20-ம் நாளில் அடையில் மூடிய அறை கண்ணில் பட்டே தீரும். "தொறந்தப்பம் ராணி நசுங்கியிருக்கும்" என்று விற்றவர் போனில் சொன்னார். அன்று நசுங்கியிருந்தால் நேற்று இட்ட முட்டை எங்கே?

ஏழில் நான்கில் ராணி இருந்தது. வயிறு மெலிந்து, அடையில் நிற்காமல் ஓடுகிற கன்னி ராணி. இங்கேதான் அந்தத் தடுப்பின் வேலை. தடுப்பின் இடைவெளியில் வேலைக்கார ஈ நுழையும், ராணி நுழையாது. கன்னி ராணி தன் அறையைவிட்டு வெளியே வந்த ஒரு வாரம் பத்து நாளுக்குள் வெயில் நேரத்தில் பறந்து போய் ஆண் ஈக்களோடு சேர்ந்து திரும்ப வேண்டும். வாயிலில் தடுப்பு இருந்தால் அது உள்ளேயே சுற்றும். மூன்று நான்கு வாரம் தாண்டினால் சேராமலே முட்டையிடத் தொடங்கும். கருவுறாத அந்த முட்டைகளில் எல்லாம் ஆண் ஈதான் வரும். ஒரு பெட்டியை மட்டும் தொடாமல் விட்டுவைத்து, பிப்ரவரி 14-ல் வாங்கியவருக்குத் திறந்து காட்டினோம். வேலைக்கார அறைகளில் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் புடைத்த மூடிகள், ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசியால் குத்தியதுபோல் ஒரு சிறு துளை. இந்தியத் தேனீயின் ஆண் அறைக்கு அந்தத் துளைதான் அடையாளம். வாயிலில் தடுப்பைத் தாண்ட முடியாமல் செத்த ஆண் ஈக்கள் குவிந்து, பாதி வழி அடைத்துக் கிடந்தது.

தடுப்பே தப்பு என்று சொல்லவில்லை. காட்டிலிருந்து பிடித்து அடையைச் சட்டத்தில் கட்டிய கூட்டத்துக்கு, அல்லது இடம் மாற்றினால் கூட்டைக் காலி செய்து ஓடக்கூடிய கூட்டத்துக்கு, முட்டையிடும் ராணி உள்ளே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் சில நாள் போடலாம். புது ராணி என்று சொல்லித் தடுப்பும் போட்டுக் கொடுத்தால், விற்பவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரியும்.

மீதி மூன்றில் ராணியே கிடையாது. சுவரில் முட்டை ஒட்டியிருந்த அந்த இரண்டில் வேலைக்கார ஈக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. மூன்றாவதில் கையளவு ஈ, அடையில் மெழுகுப் புழுவின் வலை. மூன்றிலும் அடையின் கீழ் விளிம்பில் புது ராணி வளரும் ராணி அறை தொங்கிய தடம் மட்டும் இருந்தது. மூடிய ராணி அறையோடு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த நிலையில் குலுக்கலும் இரவுக் குளிரும் உள்ளே இருக்கும் ராணிக் கூட்டுப்புழுவுக்கு ஆகாது.

ஏன் இப்படி விற்கிறார்கள் என்றால், கணக்கு எளிது. நம் பகுதியில் கூட்டம் பெருகுவதும் பிரிப்பதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் பெட்டிக்கு விலை ஏறும். டிசம்பர் கடைசியில் ஆறு அடை உள்ள ஒரு பெட்டியை மூன்றாக உடைத்து, ஈயை உதறி நிரப்பினால் மூன்று பெட்டி விலை. நியாயமாகப் பிரிக்கிறவர் அடை அடையாகப் பாதி எடுப்பார், ராணி இல்லாத பாதிக்கு மூடிய ராணி அறை ஒன்றை விடுவார், பிறகு காத்திருப்பார். ராணி அறை மூடியபின் 7, 8 நாளில் ராணி வெளியே வரும். சேர்ந்து வந்து முட்டையிட இன்னும் ஒரு வாரம் பத்து நாள். அந்த முட்டை வளர்ந்து அறை மூட 8 நாள். ஆக, ஒரு மாதத்துக்குக் கிட்டத்தட்ட. எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை, எந்தத் தேதியில் பிரித்தது என்பதுதான். 30 நாள் ஆகவில்லை என்றால் வேண்டாம்.

இதில் நஷ்டம் பெட்டி விலையோடு நிற்பதில்லை. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை, புதுத் தளிரில் இலைக் காம்பின் நுனியில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது. இலை முற்றினால் அதுவும் நின்றுவிடும். கன்னி ராணி வந்து எல்லாம் ஒழுங்காக நடந்து ஜனவரி 20-ல் முதல் முட்டை விழுந்தாலும், அந்த ஈ அறையைவிட்டு வருவது பிப்ரவரி 10 வாக்கில். தேன் தேடி வெளியே போகும் வயது வர இன்னும் இரண்டு மூன்று வாரம். அதற்குள் பருவம் முக்கால்வாசி போயிருக்கும். கூட்டத்தைச் சர்க்கரைப் பாகு கொடுத்து மழைக்காலப் பஞ்சத்தைத் தாண்ட வைப்பதுதான் மிச்சம்.

வாங்கும்போது பார்க்கும் முறை: ஏற்றுவதற்கு முந்தின நாள், வெயில் ஏறிய பிறகு, காலை 9 முதல் 11 மணிக்குள். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். நடு அடையை எடுத்துச் சற்றுச் சாய்த்து அறையின் அடியைப் பாருங்கள். முட்டை வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும்: இட்ட அன்று நிமிர்ந்து நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். அறைக்கு ஒன்று, நடுவில். இரண்டு அடையிலாவது முட்டையும், விட்டுவிட்டு இல்லாமல் சேர்ந்தாற்போல் மூடிய அறைகளும் வேண்டும். ராணியைத் தேடி நேரம் போக்க வேண்டாம். முட்டையைக் கண்டால் போதும். பழக்கமில்லாதவர்கள் கறுத்த பழைய அடையில் பார்த்தால் முட்டை எடுப்பாகத் தெரியும். (மொபைல் டார்ச் உதவும், ஆனால் அடையோடு ஒட்டிப் பிடித்தால் ஈ முகத்துக்கு வரும்.)

அடுத்து அடையின் கீழ் விளிம்பு. காலியான ராணி அறையின் நுனி மூடிபோல் வட்டமாக வெட்டித் தொங்கினால் ராணி முறையாக வெளியே வந்திருக்கிறது. பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் அந்த அறை அழிக்கப்பட்டது. வட்ட மூடி புதிதாக இருந்து, முட்டை இல்லை என்றால் உள்ளே இருப்பது கன்னி ராணி. என்ன உறுதிமொழி தந்தாலும் ஏற்றாதீர்கள். நெயில் பாலிஷால் ராணியின் மார்பில் ஒரு புள்ளி வைத்துத் தரச் சொல்வதும் நல்லது. உலக வழக்கப்படி 1, 6-ல் முடியும் ஆண்டுக்கு வெள்ளை, 2, 7-க்கு மஞ்சள், 3, 8-க்குச் சிவப்பு, 4, 9-க்குப் பச்சை, 5, 0-க்கு நீலம்.

மூன்றாவது, நோய். 1991-92 வாக்கில் கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் கூட்டங்களைத் துடைத்துப்போட்ட தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்கிற வைரஸ் நோய் இன்னும் அவ்வப்போது வருகிறது. திறந்த அறையில் புழு நிமிர்ந்து தலை கூர்த்துச் செத்துக் கிடக்கும். சாமணத்தால் எடுத்தால் நீர் நிறைந்த பை மாதிரி முழுசாக வரும். துர்நாற்றம் இருக்காது. ஒரு பெட்டியில் கண்டால் அந்த இடத்திலிருந்து எதையும் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: கன்னி ராணியைக் காத்து வைத்துப் பயனில்லை. கொன்றுவிட்டு, மாலையில் நல்ல பெட்டியின் மேல் ஒரு தாள் செய்தித்தாள் விரித்து, ஊசியால் நாலைந்து துளையிட்டு, அடிப்பலகை எடுத்த பெட்டியை மேலே வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தாளைக் கடித்துப் போட்டு ஒன்றாகிவிடும். வேலைக்கார ஈ முட்டையிடும் பெட்டியை நேரே சேர்த்தால் நல்ல ராணியைக் கொன்றுவிடக்கூடும். அதற்கு முதலில் நல்ல பெட்டியிலிருந்து இளம்புழு உள்ள அடை ஒன்று, ஒரு வாரம் கழித்து இன்னொன்று கொடுங்கள். புழு இருந்தால் வேலைக்கார ஈக்கள் முட்டையிடுவது அடங்கும், பிறகு சேர்க்கலாம்.

பல முறை போனில் பேசிய பிறகு, ஏழுக்குப் பதில் மூன்று பெட்டி தருவதாக விற்றவர் ஒத்துக்கொண்டார். வண்டி வந்தது. மூன்றின் வாயிலிலும் தடுப்பு இருந்தது. திறந்து பார்த்துவிட்டுத்தான் இறக்குவோம் என்றதும், "ஈ கலைஞ்சிரும்" என்று சொல்லி அப்படியே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.