மூன்று டியூப் புரொஜெக்டரா, பழைய டி-ஐஎல்ஏ-வா? கோலாலம்பூர் வீட்டு ஹாலுக்கு ஓர் அலசல்

கறுப்பைக் கறுப்பாகவே காட்டும் பெரிய திரை வேண்டும், ஆனால் புதுசாக வாங்கும் அளவுக்குப் பணம் கிடையாது. இப்படித் தேட ஆரம்பித்தால் கடைசியில் இரண்டு வழிதான் மிஞ்சும். ஒன்று, 1990களில் ஓட்டல் மண்டபங்களிலும் நிறுவனக் கூட்ட அறைகளிலும் தொங்கிய, பழைய டிவி மாதிரி பிக்சர் டியூப் வைத்துப் படம் காட்டும் சிஆர்டி புரொஜெக்டர்: சிவப்பு, பச்சை, நீலம் என்று முகப்பில் மூன்று லென்ஸ் இருக்குமே, அதுதான். மற்றது, 2007-இல் வந்த எச்டி1 தொடங்கி ஜேவிசி விற்ற 1080பி டி-ஐஎல்ஏ ரகங்களில் (பல்ப் வெளிச்சத்தைச் சில்லில் பட்டுத் திரும்ப வைத்துப் படமாக்குபவை) யாரோ பயன்படுத்தி விற்கும் ஒன்று. செந்தூலில் என் வீட்டுக் கீழ் ஹாலுக்கு நான் எட்டு அங்குல டியூப் உள்ள சிஆர்டியை எடுத்தேன். சுபாங் ஜெயாவில் இருக்கும் என் மச்சான் டி-ஐஎல்ஏ எடுத்தார். இரண்டு வீட்டிலும் நிறைய படம் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் மனம் சிஆர்டி பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஓஎல்ஈடி டிவியின் கறுப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஏழடி அகலம் வேண்டும் என்றால் விலை எட்டாது. இணையத்தில் மலிவாக விற்கும் சின்ன எல்ஈடி புரொஜெக்டர்களில் இரவுக் காட்சி எல்லாம் சாம்பல் நிறம்தான். ஒற்றைச் சில்லு டிஎல்பி ரகப் புரொஜெக்டர் கூர்மையாக இருக்கும், ஆனால் சிலர் கண்ணுக்கு வானவில் கோடுகள் தெரியும், என் மனைவிக்குத் தெரிகிறது. புது லேசர் ரகங்களைக் கடையில் நின்று பார்த்ததோடு சரி, வீட்டில் வைத்துப் பழகாததால் அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

டி-ஐஎல்ஏ எளிதாக ஜெயிக்கும் இடங்கள் சில உண்டு. வெளிச்சம் அதில் முதலாவது. ஜேவிசி எச்டி1 மாடலுக்கு 700 லூமென் என்று போட்டிருந்தார்கள். எட்டு அங்குல சிஆர்டி முழு வெள்ளைத் திரையில் 200 லூமென் சுற்றித்தான் தரும். அதனால் என் திரை ஏழடி அகலத்தோடு நிற்கிறது, பகலில் கனமான திரைச்சீலை இல்லாமல் எதுவும் ஓடாது. வெளிச்சத்தைக் கூட்ட அதிக கெயின் (வெளிச்சத்தைப் பார்ப்பவர் பக்கம் திருப்பும் திறன்) உள்ள திரை போடலாமே என்று தோன்றும். வேண்டாம். மூன்று நிறமும் மூன்று கோணத்தில் வருவதால் திரையின் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறு பக்கம் நீலமாகவும் சாயும். 1.3க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

அடுத்தது எடை. மச்சானுடையதை ஒருவரே தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். எட்டு அங்குல சிஆர்டி அறுபது எழுபது கிலோவுக்குக் குறையாது. சோனி ஜி90 போன்ற ஒன்பது அங்குல ரகங்கள் நூறு கிலோவைத் தாண்டும். இரட்டை மாடி டெரஸ் வீட்டின் கீழ் ஹாலில் மேலே கான்கிரீட் தளம் இருப்பதால் ஆங்கர் போல்ட் போட்டுத் தொங்கவிடலாம். மாடி அறையிலோ ஒற்றை மாடி வீட்டிலோ மேலே இருப்பது வெறும் சீலிங் பலகை. அங்கே தரையில்தான் வைக்க வேண்டும், நடு ஹால் போய்விடும். லென்ஸில் ஜூம் கிடையாது. திரை அகலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் என்று லென்ஸ் எதைச் சொல்கிறதோ அங்கேதான் இயந்திரம் இருந்தாக வேண்டும்.

கூர்மையிலும் டி-ஐஎல்ஏவுக்குத்தான் புள்ளி. எட்டு அங்குல டியூப் 720பி-யை நன்றாகக் காட்டும், 1080-இன் கடைசி நுணுக்கத்தை விழுங்கிவிடும். ஒன்பது அங்குல டியூப்களுக்கு அந்தக் குறை இல்லை என்று அவற்றை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். என் அனுபவம் எட்டோடு நிற்கிறது.

சரி, இவ்வளவையும் விட்டுக்கொடுத்து ஏன் சிஆர்டி? எச்டி1 வந்தபோது 15,000:1 என்ற அதன் காண்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. அது நியாயமான பேச்சுதான். ஆனாலும் அந்த வகை இயந்திரத்தில் பல்ப் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. கறுப்பு என்பது அந்த வெளிச்சத்தைத் தடுத்துப் பிடிக்கும் முயற்சி. சிஆர்டியில் கறுப்பு வர வேண்டிய இடத்தில் எலக்ட்ரான் கற்றையே நின்றுவிடுகிறது, அங்கே வெளிச்சம் பிறப்பதே இல்லை. படம் முழுக்க இருட்டுக்குப் போகும் நொடியில் என் ஹாலில் திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மச்சான் வீட்டில் அந்த நொடியில் மங்கலான ஒரு செவ்வகம் நிற்கும். அசைவும் அப்படித்தான். டி-ஐஎல்ஏ ஒவ்வொரு சட்டகத்தையும் அடுத்தது வரும்வரை பிடித்து வைத்திருப்பதால் வேகமான காட்சியில் கண் ஒரு மங்கலை உணரும். சிஆர்டியில் புள்ளி ஒளிர்ந்து உடனே அணைகிறது, ஓடுகிறவனின் கால் கலங்காமல் தெரியும்.

இன்னொன்று நம் ஆட்களுக்கு முக்கியம். என்னைப் போலப் பழைய தமிழ்ப் படங்களை டிவிடியிலும் விசிடியிலும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் நிறைய பேர். பால் (PAL) முறை விசிடியின் படம் வெறும் 352க்கு 288. அதை 1080பி சில்லின் மேல் இழுத்து விரித்தால் ஒவ்வொரு கட்டமும் பல்லைக் காட்டும். சிஆர்டியில் கட்டம் என்பதே கிடையாது, வருகிற வரிகளை அப்படியே வரைகிறது. குறை மறைந்துவிடாது, ஆனால் உறுத்தாது. டியூபின் முகம் 4:3 படத்துக்கு ஏற்றதாக இருப்பதால் அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படம் அதை முழுசாக நிரப்புகிறது. என் அப்பா கூர்மையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை, இந்தப் படங்களைப் பார்க்கத்தான் வந்து உட்காருகிறார்.

ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது படத் தரம் இல்லை, பராமரிப்பு. அதிலும் நம் ஊர்ப் பராமரிப்பு.

கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தொடுகிறது. சிஆர்டி புரொஜெக்டரில் ஒவ்வொரு டியூபின் முகத்துக்கு முன்னாலும் கிளைக்கால் கலந்த ஒரு திரவம் அடைத்து வைத்திருப்பார்கள், டியூபின் சூட்டை வாங்கிக்கொள்ள. லிக்விட் கப்பிள்டு என்று சொல்லும் ரகங்களில் லென்ஸின் பின்கண்ணாடியே அந்தத் திரவத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் ஒளிவட்டம் குறைந்து காண்ட்ராஸ்ட் கூடும். காலப்போக்கில் அந்தத் திரவம் கலங்கும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். நம் சீதோஷ்ணத்தில் வருஷக்கணக்காகக் கிடங்கில் கிடந்த இயந்திரம் என்றால் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

என்னுடையதில் சிவப்பு டியூபின் திரவம் கஞ்சித் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. லென்ஸைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்து, திருகைத் திறந்து கவிழ்த்தால் கலங்கலாக ஒழுகுகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். துடைத்து, கழுவி, புதுத் திரவத்தை மெதுவாக ஊற்றி, டியூபை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காற்றுக் குமிழ் கடைசி வரை வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குமிழ் தங்கினாலும் திரையில் தெரியும். எந்தக் கலவை, எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள். எத்திலின் கிளைக்கால் விஷம், இனிப்பாக வேறு இருக்கும். குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் சிந்தியதை உடனே துடைத்துவிட வேண்டும்.

இந்த வேலையை நான் தனியாகச் செய்யவில்லை. இந்த டியூப்களில் முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்திலிருந்தே டிவி ரிப்பேர் செய்யும் ஓர் அண்ணன் இருக்கிறார். மூடியைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, பிளக்க பிடுங்கிட்டாலும் இது உயிரோடதான் இருக்கும். நான் சொல்ற வரைக்கும் கைய வைக்காதே." டியூபில் தேங்கிய மின்சாரத்தை முறையாக வெளியேற்றத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லை என்றால் சிஆர்டி வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் கன்வர்ஜென்ஸ், அதாவது மூன்று நிறப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவது. மூன்று கை சேர்ந்து ஒரே கோலத்தின் மேல் கோடு இழுப்பதைப் போன்றது இது. திரையில் குறுக்கும் நெடுக்கும் வெள்ளைக் கோடுகளைப் போட்டுப் பார்த்தால் மூலையில் ஒரு கோட்டின் ஓரத்தில் சிவப்பு பிதுங்கும், இன்னொரு மூலையில் நீலம். பிந்திய ரகங்களில் பச்சையை ஆதாரமாக வைத்துக்கொண்டு, ரிமோட்டால் பகுதி பகுதியாக நகர்த்திச் சரி செய்யலாம். முதல் முறை முழு அமைப்புக்கு ஒரு வார இறுதி போய்விடும்: ஃபோகஸ், லென்ஸ் சாய்வு, காந்தங்கள், பிறகுதான் கன்வர்ஜென்ஸ். அதற்கு மேல் அவ்வப்போது தொட்டுக் கொடுத்தால் போதும். இயந்திரம் சூடாகாமல் இதில் கை வைக்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் ஓட வேண்டும். படம் பார்க்கவும் அதே கணக்குத்தான். சாப்பாட்டுக்கு உட்காரும்போதே போட்டுவிடுகிறேன்.

ஈரத்துக்கு நான் கண்ட வழி, சும்மா கிடக்க விடாமல் வாரம் ஒரு முறையாவது ஓட்டுவது. அதன் சூடே அதை உலர வைக்கிறது. ஹாலில் டீஹியூமிடிஃபையர் ஒன்றும் வைத்திருக்கிறேன், ஏர்கோன் நின்ற பிறகும் அது ஓடும். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று, இது இரண்டு வகை புரொஜெக்டருக்கும் பொருந்தும்.

இவ்வளவு வேலையையும் சொல்லிவிட்டுப் பராமரிப்பில் சிஆர்டியே மேல் என்று சொல்வது வினோதமாகப் படலாம். காரணம் இருக்கிறது. சிஆர்டியில் எது கெட்டாலும் அது கண்ணுக்குத் தெரிகிற, கை எட்டுகிற பொருளாக இருக்கிறது. கெபாசிட்டர் காய்ந்துபோனால் பூடு பக்கம் ஜாலான் பசாருக்குப் போனால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. பழையதை உருவிப் புதுசைச் சால்டர் பண்ணிவிடலாம். சர்க்யூட் பலகைகள் உருவி மாட்டும் விதத்தில் இருப்பதால், உதிரிக்கென்று ஒரு செத்த இயந்திரத்தை ஸ்டோரில் போட்டு வைத்துக்கொள்ளலாம். டி-ஐஎல்ஏவில் தினசரி வேலை ஒன்றுமில்லை, உண்மை. ஆனால் பல்ப் மங்கிக்கொண்டே போகும், மாற்றும்போது அசல் எது போலி எது என்ற கவலை வரும். மணிக்கணக்கு ஏற ஏற காமா, அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரையிலான படிநிலை, நகரும். பிந்திய மாடல்களில் சென்சார் வைத்துத் திருத்தும் வசதியை ஜேவிசியே கொடுத்தது அதற்காகத்தான். உள்ளே தூசி புகுந்தால் திரையில் ஒரு நிறப் பொட்டு நிரந்தரமாக உட்காரும். மச்சானுடையதில் பச்சைப் பொட்டு ஒன்று வந்தது. எடுத்துப் போன கடையில், முழு ஒளிப்பகுதியையும் மாற்ற வேண்டும், அந்த மாடலுக்கு அது இப்போது வராது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சிஆர்டியில் இதற்கு ஒரே விதிவிலக்கு டியூப். புதுசாக யாரும் செய்வதில்லை. தேய்ந்த டியூபை ரிப்பேர் செய்ய முடியாது, நல்ல டியூப் இருக்கும் இன்னொரு இயந்திரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். என் டியூப்கள் எத்தனை ஆண்டு தாங்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எப்போதும் 16:9 படமே ஓடினால் அந்தப் பட்டை மட்டும் தேயும் என்பதால் 4:3 படங்களையும் கலந்து பார்க்கிறேன்.

இணைப்பு விஷயம் ஒரு தலைவலி, ஆனால் தீர்க்கக்கூடியது. சிஆர்டி கேட்பது ஐந்து பிஎன்சி கேபிளில் (திருகிப் பூட்டும் வட்ட முனை உள்ளவை) வரும் அனலாக் படம். 2010க்குப் பிறகு தயாரித்த புளூரே பிளேயர்கள் அனலாக்கில் உயர்தரப் படத்தைத் தருவதில்லை. எச்டிஃபியூரி போன்ற மாற்றுப் பெட்டி ஒன்று வாங்கினால் எச்டிஎம்ஐ-யில் வருவதை அது பிரித்துக் கொடுக்கும். மலிவான அடாப்டரிலும் படம் வரும், ஆனால் இருண்ட காட்சிகளில் இரைச்சல் புள்ளிகள் துள்ளும். கறுப்புக்காக வாங்கிய இயந்திரத்துக்கு அது அடுக்காது.

மின்சாரம் சிஆர்டிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஹாலும் சூடாகும். திருப்பி விற்கும் மதிப்பு சிஆர்டிக்கு இல்லவே இல்லை. டி-ஐஎல்ஏவை முடா (Mudah) விற்பனை இணையதளத்தில் போட்டால் யாராவது கேட்பார்கள்.

ஆக, ரிப்பேர் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாதவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பந்து விளையாட்டுப் பார்ப்பவர்கள் எல்லோரும் டி-ஐஎல்ஏ எடுங்கள், குறை இருக்காது. சொந்தக் கான்கிரீட் தளம், இருட்டு, கொஞ்சம் பொறுமை மூன்றும் இருந்தால் சிஆர்டி பாருங்கள். பார்க்கப் போகும்போது மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், பலகையை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறியிருக்கலாம். இயந்திரத்தை அணைத்துவிட்டு ஒவ்வொரு லென்ஸ் வழியாகவும் டார்ச் அடித்து டியூபின் முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பாக ஒரு செவ்வகம் தெரிந்தால் தேய்மானம். கணினிக்கு ஓட்டியது என்றால் மெனு வரிகள்கூடப் பதிந்திருக்கும். திரவம் கலங்கியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். நீல டியூபும் பச்சை டியூபும் தேய்ந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் உதிரிக்கு மட்டும்தான்.