மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: இலவசப் பிரிவில் அத்தைக்குப் புரை ஆபரேஷன்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில்தான் அத்தைக்குப் புரை முற்றியது தெரிந்தது. அன்றைக்கே பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப் போனார்கள். சாப்பாடு, ஆபரேஷன், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், திரும்பும் பயணம் எதற்கும் பைசா வாங்கவில்லை. பாய் விரித்த பெரிய கூடத்தில்தான் படுக்கை. தனியறை கட்டணப் பிரிவில்தான். ஆனால் டாக்டர்கள் இரண்டு பிரிவுக்கும் மாறி மாறி வருகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். ஏழைக்குத் தனி டாக்டர் என்று இல்லை.

இந்த மருத்துவமனை 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. கட்டணம் கட்டுகிறவர்களின் பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. முகாமுக்கான ஏற்பாட்டை லயன்ஸ், ரோட்டரி மாதிரி சங்கங்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் ஏற்கிறார்கள். அப்புறம் 1992-ல் ஆரோலேப் என்ற சொந்த லென்ஸ் தயாரிப்புக்கூடத்தைத் தொடங்கி, சுமார் 100 டாலருக்கு இறக்குமதியான லென்ஸைப் பத்து டாலர் அளவில் இங்கேயே செய்தார்கள். லென்ஸை நன்கொடையாக வாங்கிப் பங்கிடுவதைவிட, விலையையே உடைத்தது பெரிய தர்மம் என்பேன்.

கட்டு அவிழ்த்ததும் நர்ஸ் விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். அத்தை எண்ணிவிட்டு, "நீ இவ்வளவு சின்னப் பொண்ணா?" என்று கேட்டார்.

முகாமுக்குப் போகிறவர்கள் சுகர், பிரஷர் மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.