கன்னியாகுமரியில் பிள்ளைகளுக்கு: சங்கா, பனையோலையா?

சங்கு, சிப்பிப் பொருள் வாங்கித் தருவதா, பனையோலைப் பொருளா? கடற்கரைக் கடைவீதியில் பிள்ளைகள் கையை இழுக்கும்போது வரும் குழப்பம் இது.

விலை: சின்னச் சிப்பிச் சாவிக்கொத்து கைக்கு அடக்கமான விலைதான், சங்கு பெரிதாகப் பெரிதாக ஏறும். பேரம் பேசலாம். ஓலைக் கிலுகிலுப்பை, சின்னப் பெட்டி எல்லாம் மலிவு.

உழைப்பு: முழுச் சங்கு பல வருடம் இருக்கும். ஒட்டிச் செய்த சிப்பி பொம்மையோ வீடு போவதற்குள் உதிரும். ஓலை கீழே விழுந்தாலும் உடையாது, ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்தினால் போதும்.

பையில் வைக்க: ஓலைக்கு எடையே இல்லை. சங்கைத் துணியில் சுற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பவளம், கடல் குதிரை இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் வருபவை. சில சங்கு வகைகளும் அப்படித்தான். யார் நீட்டினாலும் வேண்டாம். பிள்ளைகளிடம் காரணம் சொன்னால் அடம் பிடிக்க மாட்டார்கள் (பெரியவர்கள்தான் பிடிப்பார்கள்).

வாயில் வைக்கும் வயதென்றால் சங்கு, ஓலை இரண்டுமே வேண்டாம். நாலைந்து வயதுக்கு ஓலை. பெயர் பொறித்துத் தரச் சொல்லி மேசையில் வைக்கும் வயதென்றால் சாதாரணச் சங்கு, சரி.