வெறுந்தரையா, மணலா? ரீஃப் தொட்டிக்கு எது தோது

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறவர்கள் லைட்டுக்கும், கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்கும் மாதக்கணக்கில் விலை விசாரிப்பார்கள். மணலை மட்டும் கடைசி நாளில், வெள்ளையாக இருந்தால் போதும் என்று அள்ளிக்கொண்டு வருவார்கள். நானும் அப்படித்தான், சர்க்கரை மாதிரி நைசான அரகோனைட் (ஒருவகைக் கால்சியம் கார்பனேட்) மணல் வாங்கினேன். தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை ஓடவிட்ட மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு மூலையில் கண்ணாடித் தரை பளபளக்கிறது; எதிர் மூலையில் மணல் மேடு, அதற்கடியில் ஒரு ஜோவாந்தஸ் பவளக் கொத்து.

அந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு வெறுந்தரை, அதாவது மணலே போடாத கண்ணாடித் தரை. நீரோட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். கழிவு தங்காது, தங்கினாலும் கண்ணுக்குத் தெரியும், சைஃபன் குழாய் வைத்து உறிஞ்சி இழுத்துவிடலாம். அக்ரோபோரா என்ற கல் பவளம் வளர்ப்பவர்கள் பலர் இந்தப் பக்கம் சாய்வது இதனால்தான். ஆனால் மணலில் புதைந்து தூங்கும் மெலனூரஸ் ராஸ் மீன், வளை தோண்டும் ஜாஃபிஷ், மணலைச் சலித்துத் தின்னும் கோபி மீன், நாசாரியஸ் நத்தை எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும்.

ஆழ்மணல் இதற்கு நேர் எதிர். 10 முதல் 15 செ.மீ. வரை நிரப்பினால் அடியில் ஆக்சிஜன் எட்டாது. அங்குள்ள பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விடும். கணக்கு அழகுதான். ஆனால் மூன்றடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் ஓர் அங்குலத்துக்கே சுமார் 16 கிலோ மணல் பிடிக்கும், ஐந்து அங்குலத்துக்கு 80 கிலோ. வருடங்கள் கழித்து அதைக் கிளறினால் அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். இரண்டும் வேண்டாமென்று மூன்று அங்குலம் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்: சைஃபனுக்கு ஆழம் அதிகம், நைட்ரேட் வேலைக்குக் குறைவு.

நொறுக்கிய பவளம்? சந்துகளில் தீனி போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டாம்.

அரகோனைட் பி.எச். அளவைத் தாங்கிப் பிடிக்கும் என்று கடையில் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொட்டியின் பி.எச். 8.1, 8.3 என்று இருக்கும்போது அது சொல்லும்படியாகக் கரையாது. அரகோனைட்டைக் கரைத்துத் தொட்டிக்குக் கால்சியம் தரும் கால்சியம் ரியாக்டரில் கரி அமில வாயுவை விட்டு பி.எச்.சை 6.5 பக்கம் இறக்குவதே கரைய வைக்கத்தானே?

கடற்கரை மணலை அள்ளி வரலாமா என்று கேட்பவர்கள் ஒரு பிடி மணலில் வினிகர் சொட்டிப் பாருங்கள். அரகோனைட் என்றால் நுரைத்துப் பொங்கும். சென்னைக் கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். இடையிடையே கிளிஞ்சல் தூள் மட்டும் பொரியும். கறுப்புக் கோடுகளாகத் தெரிவது இல்மனைட் போன்ற கனிமங்கள். ராமேஸ்வரம் பக்கம் ஒதுங்கும் பவளத் துண்டுகள் மேல் ஆசைப்படவே வேண்டாம். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன.

எனக்கு ராஸ் வேண்டும். அதனால் இப்போது 1–2 மி.மீ. பருமனுள்ள அரகோனைட், ஒன்றரை அங்குலம். வேவ்மேக்கரை முழு வேகத்தில் விட்டாலும் இடம் பெயரவில்லை. அக்ரோபோரா மட்டும்தான் என்று ஆரம்பித்திருந்தால் பேசாமல் வெறுந்தரையாகவே விட்டிருப்பேன்.